பூட்டிய தண்ணீர்

அசீர் மலையில் காடு எரிகிறது, இரண்டு பம்ப் போகிறது, கூட ஒரு ஆள் போகவேண்டும் என்று பிஜு சொன்னபோது நான் பம்பைப் பற்றித்தான் கேட்டேன். காட்டைப் பற்றிக் கேட்கவில்லை. துபாய் அல் கூஸில் எங்கள் கம்பெனி யார்டு. பிஜு அங்கே சூப்பர்வைசர், மலையாளி. மழை பெய்தால் துபாய் மூழ்கும். நாங்கள் போய் வில்லாக்களின் கீழ்த்தளத்துத் தண்ணீரை உறிஞ்சி ரோட்டில் விடுவோம். பிறகு ரோட்டுத் தண்ணீரை உறிஞ்சி வேறெங்காவது விடுவோம். தண்ணீரை வேண்டாம் என்று தள்ளுவதுதான் எங்கள் தொழில். தண்ணீர் வேண்டும் என்று எங்கள் பம்பை யாரும் அதுவரை வாடகைக்கு எடுத்ததில்லை.

"எந்தா அண்ணா, ஒரு வாரம் டூர் போயிட்டு வா. சீனரி ஒக்கெ உண்டு" என்றான் பிஜு.

ரூமில் யாரும் நம்பவில்லை. "சவூதியில ஏதுய்யா காடு? நாலு பேரீச்ச மரம் எரியும், அதைக் காடும்பானுங்க" என்றான் கீழ்க்கட்டில்காரன். நான் யான்புவில் முன்பு வேலை பார்த்தவன். சவூதி என்றால் எனக்குக் கடலும் குழாயும்தான். அங்கே ரிஃபைனரியில் தீ ஒத்திகை நடக்கும். இன்ன தேதி, இன்ன நேரம் தீப்பிடிக்கும் என்று முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். ஹோஸைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்போம். தீ வராது, சமோசா வரும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குத் தீயணைப்பில் கிடைத்த படிப்பு அவ்வளவுதான்.

ட்ரெய்லரை ஓட்டியவர் ஜமீல் பாய். பெஷாவர் பக்கத்துப் பட்டான், பேச்சு குறைவு, பேசினால் குத்தல். வண்டியின் பக்கவாட்டில் ஒரு இரும்புப் பெட்டி, அதைத் திறந்தால் அடுப்பு, பாத்திரம், மாவு, பருப்பு எல்லாம் இருக்கும். பாலைவனத்தில் வண்டியை ஓரங்கட்டி, வண்டி நிழலிலேயே உட்கார்ந்து ரொட்டி சுட்டார். ஒருநாள் என் பங்குக்கு ரசம் வைத்தேன். ஒரு தம்ளர் குடித்துவிட்டு உருதுவில் கேட்டார்: "மருந்து நன்றாக இருக்கிறது. சாப்பாடு எங்கே?"

எல்லையில் சுங்க அதிகாரி ஹோஸ் மூடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். துபாயின் மழைச் சாக்கடை முழுவதும் அதற்குள்தான் இருந்தது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கலாஸ், கலாஸ், யல்லா" என்று கையை வீசினார். அவ்வளவு சீக்கிரம் எந்த எல்லையையும் நான் தாண்டியதில்லை.

மணல், மணல், பிறகு கல், கல் என்று போய்க்கொண்டிருந்த பூமி ஒரு காலையில் எழும்ப ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகள். எஞ்சின் கரும்புகை விட்டது. மேலே போகப் போகக் காற்றில் பலம் குறைகிறது என்பது எனக்குக் காதடைப்பதில் தெரிந்தது, ஜமீல் பாய்க்கு கியரில் தெரிந்தது. பிறகு மரங்கள் வந்தன. சவுக்கு மரத்தைக் குட்டையாக்கி முறுக்கி விட்டது போல இருந்தன. அரபியில் அர்அர் என்கிறார்கள். மலைச்சரிவு முழுக்கக் கரும்பச்சையாக நின்றன. சேலம் வழியாக எத்தனையோ தடவை போயும் ஏற்காடு ஏறாதவன் நான். சவூதியில் வந்து மலைக்காடு பார்த்தேன். அதுவும் எரியும்போது.

அடுத்த வளைவில் பச்சை முடிந்தது. சரிவு முழுக்கக் கறுப்பு, நடுவில் சாம்பல் நிறத்தில் புகை. குரங்குகள் ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தன. தோளில் சடை விழுந்த பெரிய குரங்குகள். குட்டிகளை வயிற்றில் ஒட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வண்டி நின்றதும் ஒன்று இறங்கி வந்து பெட்டியிலிருந்த ரொட்டியைக் கட்டோடு தூக்கிக்கொண்டு போனது. "எடுத்துப் போகட்டும், அதுவும் தங்கக் கேம்ப் இல்லாமல் நிற்கிறது" என்றார் ஜமீல் பாய்.

மலையூரில் ஒரே ஒரு பகாலா திறந்திருந்தது. மளிகைக் கடையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கல்லாவில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும், "தமிழா? வாங்க தம்பி, சாப்டியளா?" என்றார். கீழக்கரைக்காரர், பெயர் சுல்தான். அவர் ஊர்ப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் சுல்தான் காக்கா என்றே கூப்பிட்டேன். கம்பெனி கொடுத்த டீ-ஷர்ட்டோடு நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு அரீக்கா கொடுத்தார். சுட்ட ரொட்டியைப் பிசைந்து குழி பண்ணி நெய்யும் தேனும் ஊற்றிய மலைச் சாப்பாடு. நம்மூரில் கோயிலில் கொடுத்தால் வரிசையில் நிற்போம். எதிரில் மலை எரிந்துகொண்டிருந்தது. நான் தேனை வழித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கருப்பையா வந்தான். முப்பத்தைந்து நாற்பது வயது இருக்கும். அரபிகள் குளிருக்குப் போடும் ஆட்டுத்தோல் அங்கியைக் கைலிக்கு மேல் போட்டிருந்தான். காக்கா அறிமுகம் செய்தார். "நம்ம சிவகங்கைக்காரப் புள்ள. கீழ வளைவுல ஒரு தோட்டத்துல கெடக்கான். மாசத்துக்கு ஒருக்கா தமிழ் பேச வருவான்."

"பேசுறதுக்கு இல்லண்ணே, போன் சார்ஜுக்கு வந்தேன். கரண்டு போயிருச்சு" என்றான் கருப்பையா.

ஜமீல் பாய் வண்டியில் படுத்துக்கொண்டார். நான் கருப்பையாவின் அறைக்குப் போனேன். கல் சுவர், தகரக் கூரை, ஒரு கட்டில். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களில் மாதுளை நின்றது. மேலே, ரோட்டை ஒட்டி, பாறையில் வெட்டிய பெரிய தொட்டி. பிர்கா என்கிறார்கள். மழைத்தண்ணீர் மலையிலிருந்து வாய்க்கால் வழியாக அதில் வந்து விழும். அடுத்த மழை வரைக்கும் தோட்டத்துக்கு அதுதான். தொட்டிக்கு இரும்பு மூடி, மூடிக்குப் பூட்டு. சாவியைக் கருப்பையா அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தான்.

"குளிக்கிறப்பக் கூடக் கழட்ட மாட்டேண்ணே. தாலி மாதிரி" என்றான்.

வெள்ளிக்கிழமை தோறும் மூடியைத் திறந்து, கோடு போட்ட ஒரு குச்சியை உள்ளே விட்டு, நனைந்த இடம் தெரிய போட்டோ எடுத்து கஃபிலுக்கு அனுப்ப வேண்டும். அந்த முதலாளி ஜித்தாவில் இருக்கிறார். தோட்டத்துக்கு எப்போதாவதுதான் வருவார். குச்சியின் போட்டோ மட்டும் தவறக்கூடாது.

போனில் ஒரு வீட்டைக் காட்டினான். நீலச் சுண்ணாம்பு அடித்த வீடு. "நம்மளுது. கலரு மட்டும் நான் சொன்னது, மத்ததெல்லாம் அவ." ஐந்து வருடத்துக்கு முன் அவன் கிளம்பியபோது அந்த இடத்தில் வேலிக்கருவை நின்றதாம். அடித்தளம், நிலை, கூரை எல்லாவற்றையும் போனில்தான் பார்த்திருக்கிறான். அடுத்த வாரம் பால் காய்ச்சுகிறார்கள். லீவு கிடைத்துவிட்டது. நாட்டை விட்டுப் போக கஃபில் போனிலேயே ஒரு தட்டுத் தட்டி அனுமதி கொடுத்துவிட்டார். டிக்கெட்டும் வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அதன் மேல் ஒரு புதுப் பால் சட்டி. எவர்சில்வர்.

"ஊர்ல கெடைக்காதா தம்பி?"

"கெடைக்கும்ணே. நான் கொண்டுபோனதா இருக்கட்டும்."

மறுநாள் எங்களைப் புகைந்த சரிவுக்கு அனுப்பினார்கள். தண்ணீர் லாரிகள் கீழேயிருந்து ஏறி வந்தன. ஒரு லாரி தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கி, நிரப்பி, மறுபடி வருவதற்குள் அரை நாள் போய்விடும். ஹெலிகாப்டர் ஒன்று வாளியைக் கட்டித் தொங்கவிட்டு வந்தது, புகையில் வழி தெரியாமல் திரும்பிப் போனது. மிச்ச வேலையெல்லாம் கைதான். ஊர்க்காரர்கள், சவூதிப் பையன்கள், வங்காளிகள், எகிப்துக்காரர்கள் எல்லோரும் மரக்கிளையாலும் நனைத்த சாக்காலும் அடித்தார்கள். ஒருவர் வயலுக்கு மருந்தடிக்கும் டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அணைந்தது என்று நினைத்த இடம் அணையவில்லை. இந்த மரத்தில் தீ வேர் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. மேலே சாம்பல் ஆறிக் கிடக்கும். பத்தடி தள்ளிப் புகை கிளம்பும். தீயணைப்புக் கேப்டன் ஒருவர், இளவயதுக்காரர், முகமெல்லாம் கரி, எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்தார். மண்ணைத் தொடாமல் புறங்கையை அதன் மேல் காட்ட வேண்டும். சூடு தெரிந்தால் தண்ணீர் ஊற்று, கடப்பாரையால் கிளறு, மறுபடி ஊற்று, மறுபடி புறங்கையைக் காட்டு. எங்கள் ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் காட்டில் சருகு பற்றினால் எரிந்து போகும், வேரோடு வம்பு வைக்காது. இங்கே கருப்பையாவும் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டான். நாள் முழுக்க மலைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல இருவரும் புறங்கையை நீட்டிக்கொண்டு நடந்தோம்.

அதற்கு மறுநாள் காற்று மாறியது. காலையிலேயே கேப்டன் வந்து, கருப்பையாவின் வளைவைக் கைகாட்டினார். மலைக்குக் கீழேயிருந்து தீ ஏறி வருகிறது. தோட்டத்துக்குக் கீழே நாலைந்து கல்வீடுகள். ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். "அங்கே பிர்கா இருக்கிறது. பம்பைப் போடு, ஹோஸைக் கீழே இழு. நான் சொன்னேன் என்று சொல்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேட்டுக்கு ஜீப்பில் போய்விட்டார்.

பம்பை இறக்கினோம், ஹோஸை வீடுகள் வரை இழுத்துவிட்டோம். உறிஞ்சு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "திறப்பா" என்றேன்.

கருப்பையா இடுப்பில் கைவைத்தான். திறக்கவில்லை. "கஃபில்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுர்றேண்ணே."

"கேப்டனே சொல்லிட்டாரேப்பா."

"அவரு நாளைக்குப் போயிருவாருண்ணே. கஃபில் இங்கதான இருப்பாரு. அடுத்த வாரம் நான் போகணும்."

போன் போட்டான், எடுக்கவில்லை. மறுபடி போட்டான். வாய்ஸ் மெசேஜ் விட்டான். தோட்டத்து அரபி அவனுடையது. தண்ணீர், தீ, கேப்டன், கேட்கிறார்கள், நீங்கள் சொல்லுங்கள் என்று தனித்தனிச் சொற்களாக வைத்தான். மெசேஜ் போய்ச் சேர்ந்தது, அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

கடப்பாரை எங்கள் வண்டியில் இருந்தது. பூட்டு ஒன்றும் பெரிய பூட்டு இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், அல் கூஸுக்குப் போன் போட்டேன். அடுத்தவன் சொத்தை உடைத்தால் யார் பொறுப்பு என்று கேட்க வேண்டாமா? பிஜு, "பூட்டில கை வெக்கண்டா அண்ணா. ரைட்டிங்ல வாங்கு" என்றான். யாரிடம் எழுதி வாங்குவது? குரங்கிடமா?

ஆக, இரண்டு பேரும் தொட்டி மூடி மேல் உட்கார்ந்தோம். அடியில் தண்ணீர். பக்கத்தில் டீசல் நிரப்பிய பம்ப். கீழே புகை கருத்துக்கொண்டே வந்தது. கருப்பையா போனைப் பார்த்தான், நான் கருப்பையாவைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எங்களுக்கு அது தப்பாகத் தெரியவில்லை. வளைகுடாவில் ஆணி அடிப்பதானாலும் கேட்டுவிட்டுத்தான் அடித்திருக்கிறோம்.

ஜமீல் பாய் வண்டியிலிருந்து இறங்கி வந்து எங்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். உருதுவில் சொன்னார்: "உங்கள் இரண்டு பேரையும் தீ வந்து அனுமதி கேட்டுவிட்டுத்தான் எரிக்கும். அப்போதும் நீங்கள் போன் போடுவீர்கள்."

"நீங்கள் உடையுங்களேன் பாய்" என்றேன்.

"நான் டிரைவர்" என்றார். சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

பகல் தொழுகை நேரம் தாண்டியது. மாதுளையின் கடைசிப் படியில் தீ ஏறியது. முதலில் சருகு, பிறகு வேலி, பிறகு மரம். ஈர மரம் எரியும்போது ஒருவிதச் சீறல். கருப்பையா எழுந்து, சாக்கை எடுத்துக்கொண்டு ஓடி, இரண்டு மரத்தை அடித்துவிட்டு, திரும்பி வந்து போனைப் பார்த்தான். நெட்வொர்க் இருந்தது. பதில் இல்லை.

கீழ்வீடுகளிலிருந்து ஒரு கிழவர் ஏறி வந்தார். தோளில் நனைத்த சாக்கு, பாதி கருகியது. கத்துவார் என்று நினைத்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு எங்களோடு மூடியின் மேலேயே உட்கார்ந்தார். ஹோஸைப் பார்த்தார், அது சப்பையாகக் கிடந்தது. பம்பைப் பார்த்தார். பிறகு கருப்பையாவிடம் கேட்டார்.

"மோயா மாஃபி?" தண்ணீர் இல்லையா?

தண்ணீர் இல்லாததால்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். வேறு காரணம் அவருக்குத் தோன்றவே இல்லை.

கருப்பையா எழுந்தான். அங்கியைத் தூக்கி, கயிற்றை அறுத்து, பூட்டில் சாவியைப் போட்டான். மூடியைத் தூக்கியபோது கிழவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தொட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தார், கருப்பையாவின் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். சாக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

அதன்பின் வேலை நடந்தது. பம்ப் முதலில் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஹோஸ் பாம்பு மாதிரிப் புரண்டு நிமிர்ந்தது. முதலில் துபாய்ச் சாக்கடை போனது, பிறகு நல்ல தண்ணீர். ஜமீல் பாய் கீழே நின்று முனையைப் பிடித்தார். டிரைவர் என்று சொன்னவர் பட்டானுடைய பலம் முழுவதையும் காட்டினார். நான் பம்பை விட்டு நகரவில்லை. கருப்பையா தொட்டிக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தான். பொழுது சாயும்போது காற்று இறங்கியது, தீ படுத்தது. தொட்டியின் அடியில் சேறு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பம்பை நிறுத்தினேன்.

மூன்று வீடு நின்றது. இரண்டு வீடு கூரையோடு போய்விட்டது. ஒரு ஆட்டுப்பட்டியும் போயிருந்தது, உள்ளே இருந்த ஆடுகளோடு. மனிதர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அரபியில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். பட்டிக்காரர் மட்டும் எங்களிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஜமீல் பாய்க்குப் புரிந்தது, சொல்ல மாட்டேன் என்றார். பிறகு சொன்னார். "காலையிலிருந்து தண்ணீர் இருந்ததா என்று கேட்டார்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாங்கள் வேர்ச்சூடு பார்க்கப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது கருப்பையா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். குச்சி பக்கத்தில் கிடந்தது, அடி முனையில் மட்டும் சேறு.

"என்னப்பா பண்ணின?"

"வெள்ளிக்கிழமைல்லண்ணே. போட்டோ அனுப்பிட்டேன்."

"ஏதாச்சும் விவரம் சொன்னியா?"

"எப்பயும் போட்டோ மட்டுந்தான அனுப்புவேன்."

முந்தைய நாள் அத்தனை அழைப்புக்கும் எடுக்காத கஃபில், அந்தப் போட்டோவைப் பார்த்த கையோடு கூப்பிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாராம், போன் மகனிடம் இருந்ததாம். புறப்பட்டு வருகிறேன் என்றாராம்.

மறுநாள் வந்தார். அபூ சாலிஹ் என்று அழைத்தார்கள். ஒரு கண்ணில் கட்டு, கைத்தடி, பக்கத்தில் மகன். நான் கூச்சலை எதிர்பார்த்து நின்றேன். அவர் கத்தவில்லை. படிப்படியாக இறங்கிக் கருகிய ஒவ்வொரு மாதுளையையும் தொட்டுப் பார்த்தார். அவருடைய தகப்பனார் வைத்த மரங்களாம். தொட்டிக்கு வந்து, நல்ல கண்ணால் உள்ளே பார்த்துவிட்டு, கட்டுப்போடாத அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேல்படிகளில் நூறு மரம்போல் பிழைத்திருந்தது. அதற்கு இனி ஊற்றத் தண்ணீர் இல்லை.

சுல்தான் காக்கா கடையைச் சாத்திவிட்டு வந்து கருப்பையாவுக்காகப் பேசினார். அவருடைய அரபி நல்ல அரபி. கேப்டன்தான் திறக்கச் சொன்னார், வீடுகள் பிழைத்தன, பையன் கைகாலெல்லாம் கருகிக் கிடக்கிறது என்றெல்லாம் சொன்னார். கேப்டனை வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாமே என்று கேட்டேன். வேறு மலைக்கு மாற்றிவிட்டார்களாம்.

பட்டிக்காரரும் அங்கே நின்றார். அவர் கஃபிலிடம் சொன்னதைக் காக்கா தமிழில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒன் ஆளு சாவியக் கையில வச்சிக்கிட்டு நாங்க எரியறதப் பாத்துக்கிட்டு இருந்தான்ங்கறாரு."

"திறந்தது தப்புங்கறாரு ஒருத்தரு. லேட்டாத் திறந்தது தப்புங்கறாரு இன்னொருத்தரு. ரெண்டுமே நாந்தானாண்ணே?" என்றான் கருப்பையா. சிரிக்கவும் செய்தான்.

வீடு பிழைத்த மூன்று குடும்பங்களும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கிழவர் இருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று நான் கடைசிவரை பார்த்தேன். அவர் கஃபிலின் ஒன்றுவிட்ட சித்தப்பா முறை என்று பிறகு தெரிந்தது. குடும்பத்துக்குள் பேச்சை வளர்க்க வேண்டாம் என்று இருந்துவிட்டார் போல.

அபூ சாலிஹ் கருப்பையாவைப் பக்கத்தில் உட்காரவைத்தார். தோளில் கைபோட்டுத்தான் சொன்னார். பிழைத்த மரங்களுக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்ற வேண்டும். வாய்க்கால் எல்லாம் சாம்பல், மழைக்குமுன் வழிக்க வேண்டும். எனக்குக் கண் இல்லை, மகனுக்கு மலை தெரியாது, நீயும் போய்விட்டால் இங்கே யார் இருக்கிறார்? மழை வரட்டும், பிறகு போ, இன்ஷா அல்லாஹ். சொல்லிவிட்டு மகனிடம் போனைக் கொடுத்தார். மகன் ஒரு தட்டுத் தட்டினார்.

கொடுத்ததும் ஒரு தட்டு, எடுத்ததும் ஒரு தட்டு. திட்டியிருந்தாலாவது கருப்பையா திருப்பி ஏதாவது கேட்டிருப்பான். தோளில் கைவைத்தவரிடம் அவன் என்ன கேட்பான்?

நாங்கள் கிளம்பிய காலையில் மூடுபனி இறங்கியிருந்தது. கரிக்காடும் வெள்ளைப் பனியும் ஒன்றாகக் கலந்து ஒன்றும் தெரியவில்லை. கருப்பையா அந்த ஆட்டுத்தோல் அங்கியை என் மேல் போட்டான், நான் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன், அவனுக்கு ஒரு குளிர்காலம் பாக்கி இருந்தது. பால் சட்டியைக் கொண்டுபோய் ஊருக்கு யாரிடமாவது கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ணே. இதுல டீ போட்டுக்குறேன்" என்றான்.

ஜமீல் பாய் அவனைக் கட்டிப்பிடித்தார். வண்டி மலையிறங்கியது. பாலைவனத்தில் ரொட்டி சுடும்போது, "அன்றைக்கு நான் உடைத்திருக்கலாம். என்னை யார் கேட்பார்கள், பட்டான் முரடன் என்று விட்டிருப்பார்கள்" என்றார். ரொட்டி கருகியது. அப்படியே தின்றோம்.

அல் கூஸில் பிஜு ஹோஸை அவிழ்த்துப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான். "எந்தா அண்ணா, ஸ்மெல்லே இல்லா. நல்லா கழுவிட்டியே" என்று தோளில் தட்டினான். ஒரு மலையின் ஒரு வருடத் தண்ணீரால் கழுவியது என்று நான் சொல்லவில்லை.

பால் காய்ச்சிய அன்று காலை டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கருப்பையா வீடியோ காலில் என்னையும் சேர்த்துவிட்டான். திரையில் ஒரு கட்டத்தில் அவன், பின்னால் கரிமலை. இன்னொரு கட்டத்தில் நீல வீடு, உள்ளே ஏகப்பட்ட தலைகள். நடுக்கூடத்தில் மூன்று செங்கல் வைத்து, விறகு மூட்டி, வெண்கலப் பானையில் பால் ஏற்றியிருந்தார்கள். அவன் மனைவி புதுச்சேலையில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். பால் பொங்கியது. குலவை போட்டார்கள். கருப்பையா போனுக்கு முன்னால் கைகூப்பினான்.

"எண்ணே, பாத்தீகளா, கிழக்கால பொங்குது" என்றான் என்னிடம். பிறகு மனைவியிடம், "பானைய இறக்கிட்டியா? அடுப்புல தண்ணிய ஊத்து" என்றான்.

"எதுக்கு?"

"ஊத்து. கம்பிய வச்சு நல்லாக் கிளறு. திரும்ப ஊத்து. அப்பறம் பொறங்கைய மேலாக்கக் காட்டிப் பாரு, சூடு இருக்கான்னு."

அங்கே யாரோ ஒரு பெரியம்மா குரல் கேட்டது. "ஏண்டா, நல்ல நாளும் அதுவுமா புதுவீட்டு அடுப்புல தண்ணி ஊத்தச் சொல்ற? ஆகாதுடா."

"ஊத்திட்டியா?" என்றான் மறுபடியும். குரல் மாறியிருந்தது.

"ஊத்திட்டேங்க" என்றாள்.

"கிளறினியா?"

"கிளறிட்டேன்."

"பொறங்கை வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். சில்லுன்னு இருக்கு."

அப்போது போனைப் பிடித்திருந்தவர் கை கொஞ்சம் சாய்ந்தது. செங்கல் நடுவில் கங்கு சிவப்பாகக் கிடந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல். அவள் கையும் அங்கே இல்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்த அதே திரையைத்தான் கருப்பையாவும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பச் சரி" என்றான்.